அடுப்பக்காவுக்கு ஐம்பது

அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ரொட்டி போட வேண்டியிருந்தது. உலகத்தின் எந்த மூலையில் எது நடந்தாலும் முதலில் தீர்ந்துபோவது ரொட்டிதான். யாரோ ஒரு தலைவர் செத்துப்போனால் தீரும். புயல் வருகிறது என்றால் தீரும். எண்ணெய்க் கப்பல்கள் போய்வரும் கடல்வழியில் சண்டை மூண்டு அன்றோடு ஆறு நாள் ஆகியிருந்தது. சண்டை நடக்கும் இடத்துக்கும் அந்த ஊருக்கும் எத்தனையோ ஆயிரம் மைல். ஆனாலும் முந்தின நாள் சாயங்காலமே அலமாரிகள் காலி.

காலை ஆறு மணிக்கே புழுக்கம் தொடங்கிவிட்டது. மழை வருவதுபோல வானம் கறுப்பதும் வராமல் வெளுப்பதுமாக நாலு நாளாக ஏமாற்றிக்கொண்டிருந்தது. பேக்கரியின் பின்கட்டில் இரண்டு அடுப்புகளும் எரிய, சுவரில்கூட வியர்வை வழிந்தது. அடுப்பின் வாயருகே ரொட்டியைத் தள்ளும் நீளத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். இருபத்தாறு வருடமாக அதே இடம். அதனால் எல்லோருக்கும் அவள் அடுப்பக்கா. மாவு பிசைகிறவர் அவளைவிட ஆறு வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கேட்டால், "வயசுக்கு இல்ல, பதவிக்கு மரியாதை" என்பார்.

"என்னக்கா, இன்னிக்கு அம்பதாமே?" என்றார் அவர், மாவை உருட்டி மேஜையில் தள்ளிக்கொண்டே.

"யாரு சொன்னது?"

"கேக் போடறவன் ராத்திரியே வந்து கேட்டான், மேல என்ன எழுதறதுன்னு. அடுப்பக்கான்னு எழுதுன்னேன். வேற எதாச்சும் எழுதினா யாருக்கோன்னு நெனச்சு வித்துருவாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. மாவுக்காரர் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவள் புருஷன் எங்கே இருக்கிறார் என்பது அந்தப் பின்கட்டில் எல்லோருக்கும் தெரியும். சரக்குக் கப்பல் ஒன்றில் எஞ்சின் அறை வேலை அவருக்கு. சண்டை தொடங்கிய அன்று அந்தக் கப்பல் கடல்வழியின் வாசலில் நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. முன்னே போகவும் விடவில்லை, திரும்பவும் விடவில்லை. "தண்ணி இருக்கு. சாப்பாடு இருக்கு. கவலப்படாதே" என்று ஒரு செய்தி வந்தது. அதோடு சரி. நாலு நாளாகப் போன் இல்லை, செய்தி இல்லை. அங்கே எல்லாத் தொடர்பையும் அடைத்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள்.

அச்சுகளை வரிசையாக அடுப்புக்குள் தள்ளினாள். இடது பக்கம் சூடு கூடுதல், அதனால் பாதி வேக்காட்டில் திருப்பி வைக்க வேண்டும். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை குறுக்குக் குறுக்காகப் பழைய சூட்டுத் தழும்புகள். சின்ன மகள் பள்ளிக்கூடம் போன நாளில், "அம்மா கையில கோடு போட்ட நோட்டு இருக்கு" என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒன்பது மணி வாக்கில் மூன்றாவது சுற்று உள்ளே இருந்தது. பொட்டலம் கட்டும் அறையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவில் பாட்டை நிறுத்திவிட்டுச் செய்தி சொன்னார்கள். நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களில் ஒன்று விடியற்காலையில் தாக்கப்பட்டது. எட்டு மாலுமிகள் இறந்தார்கள். கப்பலின் பெயர் இன்னும் வெளியிடப்படவில்லை.

யாரோ ரேடியோவை அணைத்தார்கள். அணைத்தது யார் என்று பார்ப்பதுபோல அவள் திரும்பினாள். பிறகு துடுப்பைச் சுவரில் சாய்த்தாள், ஏப்ரனில் கையைத் துடைத்தாள், அடுத்த சுற்றுக்கு அச்சுகளில் எண்ணெய் தடவ உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு, பத்து என்று தடவிக்கொண்டே போனாள். தடவிய அச்சையே மறுபடி எடுத்துத் தடவினாள்.

கருகல் வாசனை முதலில் மாவுக்காரருக்குத்தான் தெரிந்தது. அவர் ஓடிவந்து அடுப்புக் கதவைத் திறந்தார். நாற்பது ரொட்டியும் கரி. இருபத்தாறு வருடத்தில் அவள் கையில் கருகிய முதல் சுற்று அது.

"ஐயோ" என்று எழுந்தாள். "அண்ணே, நான் எப்படி..."

"விடுக்கா. நாற்பதுதான. நான் இந்த வயசுக்குள்ள நாலாயிரம் கருக்கியிருக்கேன்."

முதலாளியம்மா முன்கட்டிலிருந்து வந்துவிட்டாள். கருகியதைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "நீ வீட்டுக்குப் போம்மா" என்றாள்.

"வீட்டுக்குப் போய் என்ன பண்ண? டிவியப் பாத்துக்கிட்டு உக்காரவா? இங்கன்னா ரொட்டியாவது வேகும்."

முதலாளியம்மா தானே ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதுவே அந்த அம்மாளிடம் பெரிய காரியம்.

டீ குடிக்க இருவரும் பின்வாசலில் மாவு மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். சந்தில் ஒரு காற்று இல்லை.

"அண்ணே," என்றாள், "என் பொறந்தநாளுக்கு இந்த உலகம் ஒரு தடவையாவது சும்மா இருந்திருக்கா, சொல்லுங்க."

"என்னக்கா திடீர்னு?"

"நான் பொறந்தன்னிக்கு ரயில் ஸ்டிரைக்காம். எங்கப்பாவுக்கு வேற ஊர்ல வேலை. மூணு நாள் நடந்தும் லாரியில தொத்தியும் வந்து பாத்தாராம். என்னைத் தூக்கினதும் முதல் வார்த்தையே 'கால் வலிக்குது'ன்னாராம். எங்கம்மா சாகற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினாங்க."

மாவுக்காரர் சிரித்தார்.

"இருபத்திமூணாவது பொறந்தநாள்ல வயித்துல பெரியவ. ஊர் பூரா கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுடும், வருஷம் மாறினா உலகமே நின்னுடும்னு பேச்சு. வருஷம் மாறுச்சு, உலகம் நிக்கல. ஆனா வருஷம் மாறறதுக்கு முன்னாடியே, ஜனங்க பயந்து வாங்கிக் குவிச்சதுல ரொட்டி போட ஆள் பத்தலன்னு என்னை இங்க சேத்துக்கிட்டாங்க. உலகம் அழியப்போகுதுன்னு வந்த வேலை இது."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கைக்கொழந்தையோட வந்து நின்னே. இந்தப் பொண்ணு ஒரு வாரம் தாங்காதுன்னு நான்தான் சொன்னேன்."

"ஏரோப்ளேன் மோதி ரெண்டு கட்டடம் இடிஞ்ச வருஷம், எந்தத் துறைமுகத்துலயும் இவரு கப்பல் ஆளுங்கள எறங்க விடல. பதினோரு மாசம் தரையே மிதிக்காம வந்தாரு. வாசப்படியில காலை வெச்சதும் தள்ளாடினாரு. குடிச்சிட்டு வந்துட்டாருன்னு பக்கத்து வீட்டுல பேசினாங்க." டம்ளரைச் சுழற்றினாள். "பெரிய அலை வந்தப்ப சின்னவ வயித்துல. டிவியில பொணம் பொணமாக் காட்டறாங்க. இவரு கப்பல்ல இருக்காரு, கடல்ல. நான் முடிஞ்சுதுன்னே நெனச்சுட்டேன். நாலாம் நாள் போன் பண்ணி, 'என்ன அழுவுறே? என்ன அலை?'ன்னு கேக்கறாரு. அவங்க கப்பலுக்கு அடியிலதான் போயிருக்கு அந்த அலை. டம்ளர்ல இருந்த டீகூட சிந்தலையாம். நடுக்கடல்ல இருந்தவருக்கு ஒண்ணும் இல்ல, கரையில உக்காந்திருந்தவங்கதான் போனாங்க."

"அதாங்க்கா. அந்த மாதிரி இதுவும் இருக்கும்."

"எட்டுப் பேர்னு சொன்னாங்களே."

மாவுக்காரர் டம்ளரின் அடியில் கிடந்த சக்கையைத் தரையில் கொட்டினார். "நம்ம கப்பலா இருக்காது" என்றார்.

"நம்ம கப்பல் இல்லன்னா வேற யாரோட கப்பலோ." டம்ளரைக் கீழே வைத்தாள். "நம்மளதா இருக்கக் கூடாதுன்னு காலையிலேர்ந்து வேண்டிக்கிட்டே இருக்கேன். அப்படின்னா இன்னொருத்தி வீட்டுல விழட்டும்னு வேண்டறதுதான அது? அம்பது வயசுல பொம்பளைக்கு வர்ற வேண்டுதலா இது?"

அவள் மனதில் இன்னொன்றும் இருந்தது. அதை மாவுக்காரரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமானதிலிருந்து கடலை விட்ட நாள்வரை அவள் புருஷன் தொடர்ந்து வீட்டில் இருந்தது அதிகபட்சம் நாலு மாதம். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு என்று ஓடிய குடும்பம். கொள்ளைநோய் வந்த காலத்தில் மாற்று ஆள் அனுப்ப முடியாமல் பதினேழு மாதம் கப்பலிலேயே கிடந்தார். அதற்குப் பிறகும் இரண்டு முறை போனார். போன வருடத்துக்கு முந்தின வருடம் முழங்கால் வீங்கி வந்தவர், "போதும், இனி கடல் வேணாம்" என்று உட்கார்ந்துவிட்டார். அவள் சந்தோஷப்பட்டாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். முதல் இரண்டு மாதம்.

மூன்றாம் மாதம் அவர் சமையலறையில் கைவைத்தார். டப்பாக்களுக்கெல்லாம் எண் போட்டு, எந்த எண்ணில் எது என்று கதவின் பின்னால் பட்டியல் ஒட்டினார். கப்பலில் அப்படித்தான் வைப்பார்களாம். உப்புக்கு ஏழு. ஒரு நாள் அவசரத்தில் அவள் ஏழாம் டப்பாவை எடுத்துவிட்டுப் பதினொன்றின் இடத்தில் வைத்ததற்கு, "ராத்திரி விளக்கு அணைஞ்சுபோனா எப்படி எடுப்பே?" என்று கேட்டார். "விளக்கு அணைஞ்சா எதுக்குங்க உப்பு எடுக்கணும்?" என்றாள். அவருக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை விழிப்பு வரும். எழுந்து குழாய்களைத் தொட்டுப் பார்ப்பார், அடுப்பின் வாயுவைச் சரிபார்ப்பார், ஜன்னல் தாழ்களை இழுத்துப் பார்ப்பார். அவள் எங்கே கிளம்பினாலும், "எத்தனை மணிக்கு வருவே?" என்பார். கேட்பதில் அதிகாரம் இல்லை, வெறும் ஆசைதான். பேக்கரி விடும் நேரத்துக்கு எதிர்ச்சாரியில் வந்து நின்றுகொண்டிருப்பார். மற்றப் பெண்கள், "கொடுத்து வெச்சவ" என்றார்கள். அவளுக்கு மூச்சு முட்டியது.

தன்னந்தனியாகக் குடும்பம் நடத்தியவள் அவள். குழந்தைக்குக் காய்ச்சலா, கூரை ஒழுகலா, சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் அடித்துவிட்டார்களா, எல்லாவற்றையும் ஒற்றையாளாகப் பார்த்தவள். வேலை முடிந்து வந்து, ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது அவளுடைய பழக்கம். அந்த ஒரு மணி நேரம் பறிபோயிற்று. பதினாலு மாதம் பொறுத்தாள்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு நாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து போன் வந்தது. "சார் வரமாட்டேன்னு போன தடவையே சொல்லிட்டாரு மேடம். இருந்தாலும் ஒரு தடவ கேட்டுப் பாக்கலாம்னு" என்றான் ஆபீஸ் பையன். அவள் குளியலறைக் கதவைப் பார்த்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "வருவாரு" என்றாள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும், "கம்பெனியில கூப்பிட்டாங்க. ஆளே இல்லையாம். ரொம்பக் கெஞ்சறாங்க" என்றாள்.

"நீ என்ன சொல்றே?"

"உங்க இஷ்டம்."

அவர் துண்டைக் கொடியில் போட்டார். "சரி, இது ஒண்ணு போயிட்டு வந்துடறேன்" என்றார். "ஆனா உன் அம்பதாவது பொறந்தநாளுக்கு இருக்க முடியாது போலிருக்கே."

"அது என்ன பெரிய இதுவா" என்று அவள் சொன்னாள்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. கேக்கை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் எல்லோருக்கும் மனம் கஷ்டப்படும் என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் இரண்டு மகள்களும் இருந்தார்கள். பெரியவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருப்பவள். லீவு போட்டுவிட்டுத் தன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். சின்னவள் கல்லூரிக்குப் போகவில்லை. டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடலில் புகை எழும் அதே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

"கம்பெனிக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள் பெரியவள். "பேரு இன்னும் தெரியலையாம். காத்திருங்கங்கறான். ஒரு அம்மா மயங்கி விழுந்துட்டாங்க. அவங்களுக்குத் தண்ணி குடுக்கக்கூட ஒரு டம்ளர் இல்ல அந்த ஆபீஸ்ல."

"சாப்பிட்டீங்களா?"

"முட்டை அவிச்சு வெச்சிருக்கேம்மா, உருளைக்கிழங்கும் இருக்கு" என்றாள் சின்னவள். "நீ உக்காரு."

அம்மா உட்கார்ந்தாள். பெரியவள் ஒரு தாளைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பிப் பழகிய கையெழுத்து, குண்டு குண்டாக இருந்தது.

"இதுல கையெழுத்துப் போடு. அங்க வந்திருந்தவங்க எல்லாரும் தனித்தனியாப் புகார் குடுக்கறாங்க. மந்திரி ஆபீசுக்கும் ஒண்ணு, பேப்பருக்கும் ஒண்ணு."

அவள் படித்தாள். 'எனது கணவர் உடல்நலக் குறைவால் இனிப் பணிக்கு வர இயலாது எனத் தெரிவித்திருந்தும், நிறுவனத்தார் அவரைப் பலமுறை வற்புறுத்தி, அவரது விருப்பத்துக்கு மாறாக...'

அதற்குமேல் கண் ஓடவில்லை.

"என்னம்மா? தப்பா எழுதியிருக்கேனா?"

"இது வேணாம்."

"ஏன் வேணாம்? அப்பா மாட்டேன்னுதான சொன்னாரு? கெஞ்சிக் கெஞ்சி இழுத்துட்டுப் போனாங்கன்னு நீதான சொன்னே? அந்தப் பையன் இன்னிக்கு என்கிட்ட, யாரையும் நாங்க கட்டாயப்படுத்தலன்னு கூசாம பொய் சொல்றான். வந்த கோவத்துக்கு அவன் சட்டையப் பிடிச்சுட்டேன்."

"சட்டையப் பிடிச்சியா?"

"பிடிச்சேன். எல்லார் முன்னாடியும். பொய்யன்னு திட்டினேன்."

அம்மா தாளை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். "அவன் பொய் சொல்லலம்மா" என்றாள்.

"என்ன?"

"அவங்க கெஞ்சல. ஒரே ஒரு தடவதான் கேட்டான். உங்கப்பா குளிச்சிக்கிட்டிருந்தாரு. நான்தான் வருவாருன்னு சொன்னேன்."

டிவியில் அந்தப் புகை மறுபடியும் எழுந்தது. சின்னவள் எழுந்துபோய் அதை அணைத்தாள்.

"ஏன்?" என்றாள் பெரியவள். குரல் மிகத் தணிந்திருந்தது. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்று அம்மாவுக்குத் தோன்றியது.

"என்னால முடியலம்மா."

"என்ன முடியல? அப்பா உன்ன அடிச்சாரா? குடிச்சாரா? ஒரு கெட்ட வார்த்தை பேசினாரா?"

"எதுவும் இல்ல. அதான் கஷ்டம். அப்படி எதாச்சும் பண்ணியிருந்தா யார்கிட்டயாவது சொல்லியிருப்பேன். நல்ல மனுஷன். பக்கத்துலயே இருந்தாரு. என்னால அதைத் தாங்க முடியல. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது? சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"அதுக்காகச் சாக அனுப்புவியா?"

"அக்கா!" என்றாள் சின்னவள்.

"நீ பேசாதே."

"நான் பேசுவேன். அந்தப் பதினாலு மாசம் நீ உன் வீட்டுல இருந்தே. நான்தான் இங்க இருந்தேன். அம்மா குளியலறையில கதவைச் சாத்திக்கிட்டு சும்மா நிப்பா. தண்ணிகூடத் திறக்க மாட்டா. சும்மா நிப்பா. நான் பாத்திருக்கேன்."

அம்மா நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள். தன்னை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"சண்டை வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் சின்னவள். "போகும்போது இருந்த கடல் வேற, இப்ப இருக்கற கடல் வேற."

"தெரியாதுதான்" என்றாள் அம்மா. "ஆனா அனுப்பினது நான். எட்டுப் பேர்ல அவரும் இருந்தா, சண்டை போட்டவன் பாதி, நான் பாதி. அதை நான் யார் மேலயும் எழுதிக் குடுக்க மாட்டேன்."

பெரியவள் தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள். கிழித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவிய பாத்திரங்களையே அவள் மறுபடி கழுவினாள். பெற்றவளின் பழக்கம் பிள்ளைக்கும் வந்திருந்தது.

ஆறு மணிக்கு மழை பிடித்தது. நாலு நாள் ஏமாற்றிய மழை, சொல்லாமல் கொள்ளாமல் ஓவென்று கொட்டியது. ஜன்னலைச் சாத்தச் சின்னவள் எழுந்தபோது போன் அடித்தது. நீளமான, பழக்கமில்லாத எண்.

"அலோ" என்றாள் அம்மா.

இரைச்சல். பிறகு, "நான்தான்" என்ற குரல்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பெரியவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். அம்மா போனின் சத்தத்தைக் கூட்டி மூவருக்கும் நடுவில் வைத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"அதே இடம்தான். நல்லா இருக்கேன். கேப்டன் அவரோட சாட்டிலைட் போன்ல ஆளுக்கு ரெண்டு நிமிஷம் குடுத்திருக்காரு. பக்கத்துக் கப்பல்தான் அது. ராத்திரி லைட்டு போட்டுக் கையாட்டினாங்க. காலையில..." குரல் நின்றது. "பாத்துக்கிட்டே நின்னோம். ஒண்ணும் பண்ண முடியல."

"சரி. சரி. அதை இப்பச் சொல்லாதீங்க."

"பிள்ளைங்க?"

"இங்கதான் இருக்கோம்பா" என்றார்கள் இருவரும்.

"இன்னிக்கு உனக்கு அம்பது" என்றார் அவர்.

"அதை விடுங்க. ரெண்டு நிமிஷத்துல அதையா பேசறது? நான் ஒண்ணு சொல்லணும். கம்பெனியில யாரும் கெஞ்சல. நான்தான் வருவாருன்னு சொன்னேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

இரைச்சல் மட்டும் கேட்டது. தொடர்பு போய்விட்டதோ என்று பெரியவள் குனிந்து பார்த்தாள்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"கையெழுத்துப் போடப் போன அன்னிக்கே அந்தப் பையன் சொன்னான். மேடம் ஒரே வார்த்தையில சரின்னுட்டாங்க சார்னு."

"தெரிஞ்சுமா போனீங்க?"

"என்ன பண்றது? என் மேல உனக்குச் சலிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். சலிச்சுப்போன எடத்துல எப்படி உக்காந்திருக்கறது?"

அவள் மகள்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துப் பேசினாள்.

"சலிச்சுத்தான் போச்சு. பொய் சொல்ல மாட்டேன் இனிமே. ஆனா சலிப்பு வேற, வேணாங்கறது வேற. கூடவே இருந்து குடும்பம் நடத்தினவங்களுக்கு இது முப்பது வயசுலயே வந்து போயிருக்கும். நமக்கு லேட்டா வந்துச்சு. அது என்னன்னு எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. நீங்க வந்து சேருங்க. சண்டை போட்டாவது பழகிக்கலாம்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. யாரோ பக்கத்தில் ஏதோ சொன்னார்கள்.

"யாரது?"

"அடுத்த ஆள். சின்னப் பையன். அவன் பொண்டாட்டிக்கு இன்னிக்கோ நாளைக்கோ பிரசவம். நின்னுக்கிட்டே இருக்கான்."

"எவ்ளோ நேரம் இருக்கு நமக்கு?"

"அரை நிமிஷம்."

"அதை அவனுக்குக் குடுத்துடுங்க" என்று சொல்லி அவளே போனை வைத்தாள்.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து அறை நனைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு இன்னும் கோவம் போகல" என்றாள் பெரியவள்.

"போக வேணாம். மெதுவாப் போகட்டும். நாளைக்கு அந்த ஆபீஸ் பையன்கிட்ட போய் மன்னிப்புக் கேட்டுடுவோம். நானும் வரேன்."

பெரியவள் தலையசைத்தாள். பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதாள். சின்னவள் கேக் பெட்டியைத் திறந்தாள். புழுக்கத்தில் க்ரீம் உருகி, எழுத்து ஒரு பக்கமாக வழிந்து, 'அடுப்' மட்டும் மிச்சம் இருந்தது. ஆளுக்கொரு துண்டு தின்றார்கள். காலையில் குடித்த டீயைத் தவிர ஒன்றும் போகாத வயிறு. அம்மா இரண்டு துண்டு தின்றாள்.

இரண்டு நாள் கழித்து அந்த எட்டுப் பேரின் படமும் பேப்பரில் வந்தது. பேக்கரியில் பன் சுற்றும் பழைய பேப்பர் இல்லை, புதுப் பேப்பர். மாவுக்காரர் காசு கொடுத்து வாங்கி வந்திருந்தார். அடுப்பு வெளிச்சத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஊர், வயது, வேலை எல்லாம் போட்டிருந்தார்கள். சமையல்காரர் ஒருவர். எஞ்சின் அறை ஆட்கள் மூவர். கடைசிப் படத்தில் இருந்தவன் கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவில் மாப்பிள்ளைக் கோலத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எட்டு வீடு" என்றாள்.

"ஆமாக்கா" என்றார் மாவுக்காரர்.

அன்றைக்கு அவள் ஒரு சுற்றும் கருகவிடவில்லை. பேப்பரைப் பன் சுற்ற விடாமல் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

பத்தொன்பது நாள் கழித்து வழி திறந்தது. கப்பல் அடுத்த துறைமுகத்தைச் சேர்ந்ததும் அவர் இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்தபோது எட்டுக் கிலோ இளைத்திருந்தார். ஒரு வாரம் தூங்கினார். தூக்கத்தில் கையை உயர்த்தி, யாருக்கோ ஆட்டுவதுபோல ஆட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைப்பாள். எழுப்ப மாட்டாள்.

எட்டாம் நாள் இருவருக்கும் பெரிய சண்டை. இருபத்தெட்டு வருடத்தில் போடாத சண்டை. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அவள் தன்னுடைய ஒரு மணி நேரத்தைக் கேட்டாள். அவர், "அந்த ஒரு மணி நேரம் நான் எங்க போறது? சொல்லு, எங்க போறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை. கரையில் அவருக்கென்று ஒரு இடம் இல்லை, ஒரு சிநேகிதர் இல்லை, ஒரு டீக்கடைகூட இல்லை. அத்தனை வருடமும் அவர் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்து போயிருந்தார்.

இரண்டு மாதம் விசாரித்ததில் துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றில் வேலை கிடைத்தது. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி உள்ளே இழுத்து வரும் படகு. பதினைந்து நாள் படகிலேயே தங்க வேண்டும், பதினைந்து நாள் வீடு. படகிலிருந்து பார்த்தால் கரை தெரியும். முழங்காலுக்கும் அதிக வேலை இல்லை.

அவர் நாலாம் முறை படகுக்குப் போய்ச் சேர்ந்த வாரம், மாவு மேஜையில் மாவுக்காரர் கேட்டார்.

"எப்படிக்கா இருக்கு? இப்பவாவது நிம்மதியா?"

அவள் துடுப்பை உள்ளே விட்டு, இடது பக்கத்து அச்சுகளை வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"பதினஞ்சு நாள் சந்தோஷம் அண்ணே. மீதிப் பதினஞ்சு நாள் ரொம்ப சந்தோஷம்" என்றாள். "எது எந்தப் பதினஞ்சுன்னு மட்டும் கேக்காதீங்க. அது மாறிக்கிட்டே இருக்கு."